பிரனீஸ் எல்லை எந்தக் கோட்டில் போகிறது? முகடு, நீர்பிரிமேடு, ஒப்பந்தம்: விவாத இழை

#1 வரைபடப்பித்தன்

பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லை பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான் வருகிறது: 1659 ஒப்பந்தப்படி பிரனீஸ் மலையே எல்லை. ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒத்து வரவில்லை. காரோன் ஆறு பிறக்கும் ஆரான் பள்ளத்தாக்கு மலைக்கு வடக்கே கிடக்கிறது, ஆனால் ஸ்பெயினைச் சேர்ந்தது. செர்தான்யா சமவெளியில் ஓடும் செக்ரே ஆறு தெற்கே எப்ரோவில் போய்ச் சேர்கிறது, ஆனால் அந்தச் சமவெளியில் ஏறக்குறைய பாதி பிரான்சில் இருக்கிறது. போதாததற்கு லீவியா என்ற ஸ்பானிய ஊர் ஒன்று, நாலாபுறமும் பிரெஞ்சு மண்ணுக்கு நடுவே.

மலைதான் எல்லை என்றால் எந்த மலை, எந்தக் கோடு? வரைபடத்தை வைத்து நாமே சரிபார்க்க வழி உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

#2 நீர்வழிக்காரன்

நல்ல கேள்வி. குழப்பத்துக்குக் காரணம், மூன்று வெவ்வேறு கோடுகளை ஒன்றாக நினைப்பது. உயரமான சிகரங்களை இணைக்கும் கோடு ஒன்று. நீர்பிரிமேடு, அதாவது இரு பக்கமும் விழும் நீரை வெவ்வேறு ஆறுகளுக்குப் பிரிக்கும் மேட்டுக்கோடு, இன்னொன்று. அரசுகள் நட்ட எல்லைக்கற்களின் கோடு மூன்றாவது. பிரனீஸில் இவை மூன்றும் சில இடங்களில் ஒட்டிப் போகும், பல இடங்களில் விலகும்.

முதலில் சிகரங்கள். ஆக உயரமான அனேத்தோ 3,404 மீட்டர். அடுத்து வரும் போசெத்ஸ், மோந்தே பெர்திதோ இரண்டும் 3,300 மீட்டரைத் தாண்டியவை. மூன்றுமே முழுக்க ஸ்பெயினுக்குள் நிற்கின்றன. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பவற்றில் உயரமானது வின்யமால், 3,298 மீட்டர். ஆகவே "உயர்ந்த முகடே எல்லை" என்ற பேச்சு முதல் அடியிலேயே விழுந்துவிடுகிறது.

நீர்பிரிமேட்டை நீங்களே வரையலாம். இரு நாட்டு நில அளவைத் துறைகளும் 1:25,000 வரைபடங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன: பிரான்சுக்கு ஜியோபோர்தாய், ஸ்பெயினுக்கு இபெர்பிக்ஸ். இந்த அளவில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர்.

ஒரு கணவாயில் தொடங்குங்கள். கணவாயின் இரு பக்கமும் இறங்கும் நீலக் கோடுகளைப் பிடித்து, இரண்டும் எந்தப் பேராற்றில் சேர்கின்றன என்று கடைசி வரை போய்ப் பாருங்கள். வேறு வேறு ஆறு என்றால் நீங்கள் நீர்பிரிமேட்டில் நிற்கிறீர்கள். அங்கிருந்து முகடு வழியே நகருங்கள். சம உயரக் கோடுகள் வளையும் இடத்தில், வளைவின் முனை மேட்டை நோக்கி இருந்தால் அது ஓடை. பள்ளத்தை நோக்கி இருந்தால் முகடு. எந்த இடத்திலும் நீலக் கோட்டைக் குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினீர்கள் என்றால் முகடு இரண்டாகப் பிரியும் இடத்தில் தப்பான கிளையில் ஏறிவிட்டீர்கள். திரும்பிப் போய் அந்தப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது ஆரானுக்கு மேற்கே, மலதேத்தா மலைத்திரள் பக்கம்தான். அங்கே சிகரக்கோடு கண்ணை இழுக்கும். நீர்பிரிமேடோ அதை விட்டு விலகி வடக்கே போகும்.

#3 முகிலரசி

நீர்வழிக்காரன் அண்ணா, ஒரு சந்தேகம். வடக்குச் சரிவு நீர் அட்லாண்டிக்குக்கு, தெற்குச் சரிவு நீர் மத்தியதரைக் கடலுக்கு என்று எடுத்துக்கொண்டால் வேலை சுலபம் அல்லவா? எல்லா ஆற்றையும் கடைசி வரை பின்தொடர வேண்டியதில்லையே?

#4 நீர்வழிக்காரன்

அப்படி எடுத்தால் கிழக்கே மாட்டிக்கொள்வீர்கள், முகிலரசி. காரோன், அரியேஜ், அதூர் ஆகியவை அட்லாண்டிக்கில் சேர்பவை, சரி. ஆனால் கிழக்குப் பகுதியின் வடபக்க ஆறுகளான ஓத், தேத், தெக் மூன்றும் மத்தியதரைக் கடலுக்கே போகின்றன. இரு கடல்களைப் பிரிக்கும் பெரிய நீர்பிரிமேடு பிரனீஸின் கிழக்கு முனை வரை வருவதே இல்லை. நடுவிலேயே மலையை விட்டு வடக்கே திரும்பிவிடுகிறது. மேற்கிலும் இதே கதை. ஸ்பெயினின் பஸ்தான் பள்ளத்தாக்கு நீர் பீதாஸோவா வழியாக அட்லாண்டிக்குக்குத்தான் போகிறது.

ஆகவே கடலை வைத்துப் பிரிக்காதீர்கள். ஆற்றுப் படுகையை வைத்துப் பிரியுங்கள். ஒரு பக்கம் எப்ரோவும் கத்தலோனியாவின் கடலோர ஆறுகளான தேர், ஃப்ளுவியா, முகா ஆகியவையும். மறுபக்கம் அதூர், காரோன், ஓத், தேத், தெக்.

#5 கருங்கல்

நிலவியல் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆரான் புதிருக்குப் பாதி விடை அங்கேதான்.

ஐபீரியத் தட்டு வடக்கே நகர்ந்து ஐரோப்பியத் தட்டின் மேல் மோதியதில் எழுந்தது இந்த மலை. ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய நெருக்கல் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை நீடித்தது. நடுவில் உள்ள பழைய கருங்கல்லும் உருமாறிய பாறையும் மேலெழும்பி நின்றன. அவற்றின் மேல் படிந்திருந்த கடலடிச் சுண்ணாம்புக்கல் மடிந்தும் உரிந்தும் பெரும்பகுதி தெற்கே தள்ளப்பட்டது. மோந்தே பெர்திதோவின் உச்சி வரை கடல் உயிரிகளின் எச்சம் கிடக்கக் காரணம் அதுதான். ராமோன் த கார்போனியேர் 1802-ல் அந்தச் சிகரத்தை எட்டியதும் இதைத் தேடித்தான். மலையின் நடு எலும்பு கருங்கல்லாகவே இருக்க வேண்டும் என்று அன்று பலர் வாதாடினார்கள். உச்சியில் கிடந்த கிளிஞ்சல் அவர்கள் வாயை அடைத்தது.

இப்போது ஆரானுக்கு வருகிறேன். பிரனீஸை ஒரே நீளமான சுவராக நினைக்க வேண்டாம். மேற்கிலிருந்து வரும் முகடும் கிழக்கிலிருந்து வரும் முகடும் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. மேற்கு முகடு கொஞ்சம் தெற்கே, கிழக்கு முகடு கொஞ்சம் வடக்கே. இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் இடைவெளியில்தான் ஆரான் பள்ளத்தாக்கு கிடக்கிறது. அதன் தலைமாட்டில் ப்லா த பெரெத் என்ற மேட்டுப் புல்வெளி. அங்கே காரோனின் ஊற்றும் நோகேரா பாயரேசாவின் ஊற்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்று அட்லாண்டிக்குக்குப் போகிறது. மற்றது முதலில் வடக்கே போவது போல் போக்குக் காட்டி, பிறகு வளைந்து தெற்கே எப்ரோ பக்கம் இறங்குகிறது. முதல் சில கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டையும் ஒரே படுகையில் போட்டுவிடுவீர்கள்.

#6 ஓலைச்சுவடி

ஒப்பந்தத்தின் வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். 1659 நவம்பர் 7 அன்று, பீதாஸோவா ஆற்றின் நடுவிலுள்ள ஃபெசான் தீவில் கையெழுத்தானது. அதன் 42-ஆம் பிரிவின் சாரம் இது: பண்டைக் காலத்தில் கால் (Gaul, பிரான்சின் ரோமானியப் பெயர்) நாட்டையும் ஹிஸ்பானியாவையும் (ஸ்பெயின்) பிரித்த பிரனீஸ் மலையே இனி இரு அரசுகளுக்கும் பிரிவாகும். "பண்டைக் காலத்தில்" என்ற அந்த ஒரு சொல் போதும் சண்டைக்கு. கோடு எங்கே என்று ஒப்பந்தம் சொல்லவே இல்லை. ஆணையர்கள் கூடி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது.

1660 வசந்தத்தில் சேரே என்ற ஊரில் ஆணையர்கள் கூடினார்கள். பிரெஞ்சுத் தரப்பில் பியேர் த மார்கா, வரலாற்றறிஞரும் ஆயருமானவர். பண்டைய ரோமானிய நூல்களையும் திருச்சபை மறைமாவட்ட எல்லைகளையும் மேற்கோள் காட்டி வாதம் நடந்தது. முடிவு வரவில்லை. சிக்கல் முழுக்க செர்தான்யாவைப் பற்றியது. நீர் தெற்கே ஓடுவதால் அது எங்களது என்றது ஸ்பெயின். பிரான்சுக்கோ இந்த ஒப்பந்தத்தில் புதிதாகக் கிடைத்த கிழக்குப் பகுதியான ரூசியோனிலிருந்து காரோல் பள்ளத்தாக்கு வழியாக, தன் நிலமான ஃபுவா பக்கம் போக ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழி செர்தான்யாவைக் குறுக்கே வெட்டித்தான் போயாக வேண்டும்.

கடைசியில் மறுபடி ஃபெசான் தீவில் பேசி, 33 கிராமங்கள் பிரான்சுக்கு என்று எண்ணிக்கையை மட்டும் முடிவு செய்தார்கள். எந்த 33 என்று பட்டியல் போட்டது 1660 நவம்பரில், லீவியாவில் வைத்து. அங்கேதான் ஸ்பானியத் தரப்பு ஒரு சொல்லைப் பிடித்தது: கொடுக்கச் சொன்னது கிராமங்களை; லீவியாவோ அரச சாசனம் பெற்ற நகரம். எனவே அது பட்டியலில் வராது. பிரான்ஸ் ஒப்புக்கொண்டது, அங்கே கோட்டை கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. சுமார் 13 சதுர கிலோமீட்டர் நிலம் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

இரண்டு திருத்தம், அடிக்கடி தப்பாக எழுதப்படுவதால். லீவியா விதிவிலக்கு 1659 ஒப்பந்தத்தில் இல்லை. ஓராண்டு கழித்து வந்த உடன்பாட்டில்தான் இருக்கிறது. அடுத்து, பிரான்ஸ் கோட்டை கட்டாமல் இல்லை. செர்தான்யாவின் கிழக்கு வாசலான பெர்ஷ் கணவாய்க்குப் பக்கத்தில் 1679-லிருந்து பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபான் எழுப்பிய மோன் லூயி கோட்டை அந்த வழியைக் காக்கத்தான்.

#7 வரைபடப்பித்தன்

ஓலைச்சுவடி ஐயா, நன்றி. ஒரு சொல்லுக்காக ஊரே தப்பியது வியப்புதான். அப்படியென்றால் ஆரானைப் பற்றி அந்தப் பேச்சில் யாரும் கேட்கவில்லையா? நீர்பிரிமேடு வாதம் அங்கே பிரான்சுக்குத்தானே சாதகம்?

#8 ஓலைச்சுவடி

1659-ல் கைமாறிய பகுதிகள் ரூசியோனும் அதைச் சேர்ந்தவையும்தான். ஆரான் பேச்சில் வரவில்லை. அதற்கு முன்பே அதன் நிலை உறுதியாகிவிட்டது. அராகோன் மன்னர் இரண்டாம் ஜைமே 1313-ல் ஆரான் மக்களுக்கு ஒரு சாசனம் கொடுத்தார், கெரிமோனியா என்பார்கள். காடு, மேய்ச்சல் நிலம், நீர், வேட்டை ஆகியவற்றை வரியின்றி அனுபவிக்கும் உரிமை அதில் உண்டு. வடக்கே பிரெஞ்சு மன்னரிடம் போனால் அந்த உரிமை நிலைக்குமா என்பது கேள்விக்குறி. நெப்போலியன் காலத்தில் 1812-ல் பிரான்சோடு இணைத்தார்கள், 1815-ல் திரும்பிவிட்டது.

நிலம் பிரான்சைப் பார்த்திருக்க, அரசு ஸ்பெயினில். இதன் விலையைப் பள்ளத்தாக்கு மக்கள் குளிர்காலத்தில் கொடுத்தார்கள். தெற்கே போக இருந்த முக்கியக் கணவாயான போனாய்குவா 2,072 மீட்டர். பனி விழுந்தால் மாதக்கணக்கில் வழி இல்லை. 1948-ல் வியேல்யா சுரங்கப்பாதை திறந்த பிறகுதான் குளிர்காலத்திலும் தங்கள் நாட்டுக்குள்ளேயே தெற்கே போக முடிந்தது. அவர்கள் பேசும் ஆரானீஸ், எல்லைக்கு அப்பால் பிரான்சின் காஸ்கோனியில் வழங்கும் ஆக்சிதான் மொழியின் கிளை. மலை பிரித்ததைவிடப் பள்ளத்தாக்கு சேர்த்தது அதிகம்.

#9 புல்வெளி

அரசர்களின் ஒப்பந்தத்தை மட்டும் பேசினால் பாதி வரலாறு விட்டுப்போகும். பிரனீஸில் எல்லையை உண்மையில் காத்தது மேய்ச்சல் உடன்படிக்கைகள். அடிவாரக் காடு செங்குத்து, மேலே முகட்டையொட்டிய புல்வெளியோ விரிந்தது, சாய்வு குறைவு. கோடையில் இரு பக்க மந்தையும் அங்கேதான் ஏறும். தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மாடு போகும். மாட்டுக்கு நீர்பிரிமேடு தெரியாது. எனவே இரு பக்கப் பள்ளத்தாக்குகளும் தங்களுக்குள் எழுதிக்கொண்டன: எந்த நாளில் ஏறலாம், எந்தச் சுனையில் குடிக்கலாம், சூரியன் சாயும்போது எந்தக் கல்லுக்கு இப்பால் திரும்ப வேண்டும், மீறினால் எத்தனை ஆடு பிடிக்கலாம் என்று. அரசர்கள் போரிட்டுக்கொண்டிருந்தபோதும் இவை செல்லும் என்பதே பல உடன்படிக்கைகளின் விதி.

இன்றும் உயிரோடு இருப்பது மூன்று பசுக்களின் கப்பம். பிரெஞ்சுப் பக்கத்து பாரெதூஸ் பள்ளத்தாக்கு ஸ்பெயினின் ரொன்கால் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் கொடுப்பது. ரத்தம் சிந்திய நீண்ட தகராறுக்குப் பின் 1375-ல் நடுவர்கள் கொடுத்த தீர்ப்பு இதன் ஆதாரம்.

ஜூலை 13, சான் மார்த்தின் கல் கணவாய், சுமார் 1,760 மீட்டர் உயரம், எல்லைக்கல் எண் 262. ரொன்கால் தரப்பு கருப்பு மேலங்கியும் தொப்பியுமாக ஒரு பக்கம் நிற்கும், பாரெதூஸ் தரப்பு மறுபக்கம். சமாதானம் காக்க வந்தீர்களா, பசுக்களைக் கொடுக்க வந்தீர்களா என்று கேட்பார்கள். சம்மதம் சொன்னதும் பாரெதூஸ்காரர் ஒருவர் கல்லின் மேல் உள்ளங்கை வைப்பார். அதன் மேல் ரொன்கால்காரர் கை. மறுபடி இவர், மறுபடி அவர் என்று கை மேல் கை ஏறும். உச்சியில் கடைசிக் கை இசாபா ஊர்த் தலைவருடையது. "பாக்ஸ் அவான்" என்று மூன்று முறை சொல்வார்கள்; இனி சமாதானம் என்று பொருள். அதன் பிறகு பசுத் தேர்வு. இரண்டு வயதுப் பசுக்கள், மூன்றுக்கும் ஒரே நிறம், ஒரே பல், ஒரே கொம்பு, உடலில் குறை இருக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி என்றால்தான் எண்ணிக்கையில் சேரும்.

#10 முகிலரசி

புல்வெளி அக்கா, "262" என்ற எண் எப்படி வந்தது? 1375-ல் எண் போட்டிருக்க மாட்டார்களே.

#11 ஓலைச்சுவடி

எண் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. 1659-ல் சொல்லில் மட்டும் இருந்த எல்லையைக் கல்லில் அடித்தது பயோன் ஒப்பந்தங்கள்: 1856, 1862, 1866. மேற்கிலிருந்து கிழக்காக 602 கல். 1 பீதாஸோவா கரையில். 602 மத்தியதரைக் கடலோரம், செர்பேர் முனையில். 1 முதல் 272 வரை முதல் ஒப்பந்தம், 273 முதல் 426 வரை இரண்டாவது, 427-லிருந்து மூன்றாவது. 426-க்கும் 427-க்கும் இடையில் அந்தோரா உட்கார்ந்திருக்கிறது. வரிசை அறுந்து போனதாக நினைத்துத் தேடி அலைய வேண்டாம்.

எல்லாமே நட்ட தூண் அல்ல. பல இடங்களில் இயற்கைப் பாறையில் சிலுவைக் குறியும் எண்ணும் மட்டும் வெட்டியிருக்கும். பாசி படர்ந்த பாறையில் மேலாகப் பார்த்தால் கண்ணுக்குப் படாது. காலைச் சாய்வெயிலில் பார்த்தால் வெட்டின் நிழல் எடுத்துக் கொடுக்கும்.

மேய்ச்சல் உரிமையை இந்த ஒப்பந்தங்கள் அழிக்கவில்லை, எழுத்தில் ஏற்றின. அல்தூதுக்குத் தெற்கே கின்தோவா என்ற மேட்டு நிலம் அதற்கு நல்ல சான்று. நிலம் ஸ்பெயினுடையது. அதன் வடபகுதியின் புல்லை நிரந்தரமாக அனுபவிக்கும் உரிமை பிரெஞ்சுப் பக்கத்து பைகோரி பள்ளத்தாக்குக்கு. அதற்கு ஈடாக ஆண்டுத்தொகை. மண் ஒருவருக்கு, புல் இன்னொருவருக்கு.

ஃபெசான் தீவின் ஏற்பாடு இன்னும் வேறு மாதிரி. பிப்ரவரி 1 முதல் ஜூலை 31 வரை ஸ்பெயின், ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி 31 வரை பிரான்ஸ் என்று நிர்வாகம் மாறும்.

#12 நீர்வழிக்காரன்

இப்போது இந்த இழையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். நீர்பிரிமேட்டை வரைபடத்தில் வரையலாம் என்று மேலே நானே சொன்னேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது நிஜமாகவே ஒரு ஓட்டைதான்.

அனேத்தோவின் வடக்குப் பனியாறு உருகி இறங்கும் நீர் எஸெரா பள்ளத்தாக்கின் மேல்பகுதிக்கு வருகிறது. எஸெரா எப்ரோவைச் சேர்ந்தது. வரைபடப்படி அந்த நீர் மத்தியதரைக் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், அய்குவாலுத்ஸ் அருவிக்குக் கீழே ஒரு புல்வெளி; அதன் ஓரத்தில் அகன்ற குழி, சுமார் 70 மீட்டர் குறுக்களவு. பெயர் ஃபொராவ். ஓடை அதற்குள் இறங்கி, கற்களுக்கு இடையே மறைந்துவிடுகிறது. குழி நிரம்பி வழிவதில்லை.

மறுபக்கம், முகட்டைத் தாண்டி ஆரானில், ஆர்தீகா த லின் காட்டுக்குள் பாறைகளுக்கிடையிலிருந்து ஒரு பெருநீர் பீறிட்டு வருகிறது. உயெல்ஸ் தெத் ஜோயெவ் என்று பெயர். "உயெல்ஸ்" என்றால் கண்கள். நாம் ஊற்றுக்கண் என்று சொல்வது போலவேதான். அந்த ஓடை காரோனில் சேர்கிறது.

இரண்டும் ஒரே நீரா? எஸெரா நீரை மின்னுற்பத்திக்குத் திருப்பும் திட்டம் ஸ்பெயினில் எழுந்தபோது இந்தக் கேள்வி அவசரமானது. குழி நீரை மடக்கினால் பிரான்சின் காரோன் வற்றுமா என்று தெரிந்தாக வேண்டும். 1931 ஜூலையில் குகை ஆய்வாளர் நோர்பேர் காஸ்தெரே 60 கிலோ ஃப்ளோரசீன் சாயத்தை ஃபொராவுக்குள் கரைத்தார். மறுநாள் முகட்டுக்கு அப்பால் ஆரானின் ஊற்றுக்கண் பச்சையாகப் பீறிட்டது; காரோனும் பல கிலோமீட்டருக்குப் பச்சை நிறம் பூண்டது. விடை கிடைத்தது. நீர் மலைக்கு அடியில் சுண்ணாம்புக்கல் வழியாகச் சுமார் 600 மீட்டர் இறங்கி, நீர்பிரிமேட்டின் மறுபக்கம் வெளிவருகிறது. திருப்பும் திட்டம் கைவிடப்பட்டது.

ஆகவே ஸ்பெயினின் ஆக உயர்ந்த பிரனீஸ் சிகரத்தின் வடக்குப் பனி எப்ரோ படுகைக்குள் பிறந்து, அதை ஏமாற்றிவிட்டு, அட்லாண்டிக்குக்குப் போகிறது.

#13 கருங்கல்

நீர்வழிக்காரன் சொன்னதற்குப் பாறை விளக்கம். அனேத்தோ கருங்கல், நீர் உள்ளே இறங்காது, மேலேயே ஓடும். அதன் வடக்கு விளிம்பில் பழைய சுண்ணாம்புக்கல் பட்டை தொடங்குகிறது. சுண்ணாம்பு மெல்லக் கரையும். ஆகவே ஓடை கருங்கல்லைத் தாண்டி அந்தப் பட்டையைத் தொட்ட இடத்திலேயே உள்ளே போகிறது. வரைபடத்தில் ஒரு ஓடை திடீரென்று நின்று, அங்கே மூடிய பள்ளக் குறி இருந்தால், பாறை மாறியிருக்கிறதா என்று நிலவியல் வரைபடத்தில் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் மேற்பரப்பு நீர்பிரிமேட்டை நம்பவே கூடாது.

சாயச் சோதனை பற்றியும் சொல்ல வேண்டும், எளிதாகக் கெடுகிற சோதனை அது. ஃப்ளோரசீன் தூள் செம்மஞ்சள், நீரில் கரைந்தால் பளிச்சென்ற பச்சை. வெயில் பட்டால் சிதையும். எனவே நீர் நிலத்துக்குள் நுழையும் வாயிலேயே, வெயில் சாய்ந்த நேரத்தில் ஊற்றுவது நல்லது. களிமண்ணும் மட்கும் சாயத்தை உறிஞ்சும்; அளவு குறைந்தால் விடையே வராது. இன்று ஒளிர்வுமானி கண்ணுக்குத் தெரியாத அளவையும் பிடிப்பதால் 60 கிலோ தேவையில்லை. சந்தேகமுள்ள ஒவ்வொரு ஊற்றிலும் செயலூட்டிய கரித்தூள் பொதியைத் தொங்கவிட்டு, பிறகு அதைக் காரம் கலந்த ஆல்கஹாலில் கழுவிப் பார்க்கலாம். சாயம் ஊற்றுவதற்கு முன்பே ஒரு முறை பொதி வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஒளிர்கிறதா என்று தெரியாவிட்டால் பின்னால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது: சாயம் தொட்டவர் மாதிரிப் போத்தலைத் தொடக் கூடாது. சட்டையில் ஒட்டிய ஒரு துளித் தூள் போதும், நூறு மைலுக்கு அப்பால் உள்ள ஊற்றையும் "இணைத்து" விடும்.

#14 வரைபடப்பித்தன்

இதைப் படித்த பிறகு செர்தான்யாவைப் பற்றி இன்னொரு கேள்வி. அங்கே நீர் பிரான்சில் பிறந்து ஸ்பெயினுக்கு ஓடுகிறது. பிரான்ஸ் அதை மடக்கினால்?

#15 ஓலைச்சுவடி

மடக்கத்தான் பார்த்தது, தம்பி. அதுவே நீர்ச் சட்டத்தில் பெயர்பெற்ற லானூ ஏரி வழக்கு. ஏரி முழுக்க பிரெஞ்சு மண்ணில். அதன் நீர் காரோல் ஆற்றில் விழுந்து, செக்ரேயில் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போகிறது. ஏரியின் அந்தப் பக்கம் அரியேஜ் பள்ளத்தாக்கு; அங்கே திருப்பிவிட்டால் ஏறக்குறைய 780 மீட்டர் வீழ்ச்சி, மின்சாரத்துக்கு ஏற்றது. பிரெஞ்சுத் திட்டம் இதுதான்: ஏரி நீரை அரியேஜுக்கு இறக்குவோம், அதே அளவு நீரை மேல் அரியேஜிலிருந்து எடுத்துச் சுரங்கம் வழியாகக் காரோலில் விடுவோம், அதுவும் புச்செர்தா நகரின் கால்வாய் நீர் எடுக்கும் இடத்துக்கு முன்பே.

ஸ்பெயின் ஒப்பவில்லை. அளவு சமமாக இருந்தாலும், இயற்கையாக வந்த நீர் இனி பிரான்சின் வாயிற்கதவைத் திறந்தால்தான் வரும் என்பது அதன் கவலை. ஐந்து நடுவர் கொண்ட மன்றம் 1957 நவம்பர் 16-ல் தீர்ப்புச் சொன்னது. பயனாளிகளுக்குக் கிடைக்கும் நீர் குறையவில்லை, எனவே 1866 ஒப்பந்தம் மீறப்படவில்லை. கீழ்ப்படுகை நாட்டின் முன் சம்மதம் கட்டாயமில்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு கலந்து பேசி, அதன் நலனைக் கணக்கில் எடுப்பது கட்டாயம்.

என் எண்ணத்தில் ஸ்பெயினின் கவலை வெறும் பிடிவாதமில்லை. அளவைக் கணக்கில் ஈடு செய்யலாம். கதவைத் திறப்பது யார் கை என்பதை எண்ணில் ஈடு செய்ய முடியாது. மன்றம் அதற்குச் சொன்ன பதில், பிரான்ஸ் வாக்குத் தவறும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதே.

#16 மலைத்தடம்

ஃபொராவை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு நடைமுறைத் தகவல்.

பெனாஸ்கே ஊருக்கு மேலே சாலை லா பெசூர்தா வரை. கோடை நெரிசல் நாட்களில் தனியார் வண்டியைக் கீழேயே நிறுத்திப் பேருந்தில் ஏற வேண்டும். பெசூர்தாவிலிருந்து ஃபொராவ் முக்கால் மணி நேர நடை, பாதை தெளிவு. ஜூன், ஜூலையில் போங்கள், பனி உருகும் காலம். பிற்பகலில் நீர் ஏறும். காலையில் தாண்டிய ஓடையை மாலையில் அதே கல்லில் கால் வைத்துத் தாண்ட முடியாமல் போகலாம். கோடை கடந்தால் நீர் மெலிந்து குழி வெறும் கற்குவியலாகத் தெரியும். ஊற்றுக்கண்ணுக்கு ஆரானுக்குள் போய் எஸ் போர்தெஸ் ஊரிலிருந்து ஆர்தீகா த லின் சாலையில் ஏற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வண்டியில் பார்க்க வியேல்யா சுரங்கம் வழியாகச் சுற்றி வர வேண்டும், நேரம் எடுக்கும்.

அங்கே போனவர்கள் அனேத்தோவையும் ஏறிவிடலாம் என்று நினைப்பதுண்டு. இரண்டும் வேறு வேறு வேலை. பனியாறு சுருங்கி வருவதால் ஆகஸ்ட் கடைசியில் மேலே மென்பனி இருக்காது, கண்ணாடி போன்ற கடும் பனிக்கட்டி மட்டும். காலில் முள்சட்டம், கையில் பனிக்கோடாலி இல்லாமல் அங்கே சறுக்கினால் நிற்க வழியில்லை. "கோடைதானே" என்று அவற்றை விட்டுவிட்டுப் போவதே அடிக்கடி நடக்கும் தவறு. உச்சிக்கு முன் உள்ள மஹோமா பாலம் குறுகிய கருங்கல் முகடு, இரு பக்கமும் பாதாளம். பிற்பகல் இடி மேகம் கூடுவதற்கு முன் அதைத் தாண்டித் திரும்பியிருக்க வேண்டும்.

கூடாரம் அடிப்பவர்களுக்கு இன்னொன்று. பக்கப் பள்ளத்தாக்கின் வாயில் விசிறி போல் பரந்த சமநிலம் கவர்ச்சியாக இருக்கும். அந்த விசிறியை உண்டாக்கியதே பழைய வெள்ளங்கள் கொட்டிய கல்லும் மண்ணும். 1996 ஆகஸ்ட் 7 அன்று பியேஸ்காஸ் அருகே அராஸ் ஓடையில் பெய்த கொட்டு மழையில், ஓடையின் குறுக்கே கட்டிய தடுப்பணைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, விசிறியின் மேல் இருந்த முகாமில் 87 பேர் இறந்தார்கள். தடுப்பணை நிரம்பிய பிறகு அது காப்பு அல்ல. உடைந்தால் பின்னால் சேர்ந்த கல்லும் சேர்ந்து வரும்.

#17 வரைபடப்பித்தன்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை புரிந்ததை வைத்து எல்லை நீர்பிரிமேட்டை மீறும் இடங்களைக் குறித்திருக்கிறேன். வடக்கே ஸ்பெயின்: பஸ்தான், ஆரான். தெற்கே பிரான்ஸ்: செர்தான்யா. நிலத்தடி மீறல்: ஃபொராவ். விட்டது இருந்தால் சொல்லுங்கள்.

#18 நீர்வழிக்காரன்

மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே வால்கார்லோஸ்: ஸ்பெயினைச் சேர்ந்தது, நீர் நீவ் ஆற்றின் வழி அதூருக்கு. அதற்குக் கிழக்கே இராத்தி காட்டின் பிரெஞ்சுப் பகுதி: நீர் தெற்கே இறங்கி அராகோன் ஆற்றின் வழி எப்ரோவுக்கு. பிறகு அந்தோரா. அந்த நாடு முழுக்க வலிரா ஆற்றின் படுகை, செக்ரேயில் சேரும் என்று எழுதுவார்கள். பா த லா காஸா ஊரை மறந்துவிடுகிறார்கள். அது என்வலிரா கணவாய்க்கு அப்பால், அரியேஜின் தலைநீரில் இருக்கிறது. அந்த நீர் காரோனுக்கே.

செர்தான்யாவைக் குறிக்கும்போது லீவியாவைத் தனி நிறத்தில் போடுங்கள். அதன் எல்லைக்கற்களுக்குத் தனி எண் வரிசை உண்டு. 602-க்குள் தேடினால் கிடைக்காது.